மாஸ்க்கில் சீறும் காற்று

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்தே புழுக்கம். மழை வரும்போல் இருந்து வரவில்லை.

இவருக்கான மெஷின் வந்துவிட்டது. வேலூரிலிருந்து கவிதா என்ற பெண் கொண்டுவந்து பொருத்திக் காட்டினாள். மெஷின் விற்கும் இடத்தில் டெக்னீஷியன். சின்னப் பெண், பேச்சு மட்டும் படபடவென்று. பெட்டி டிபன் கேரியர் அளவுகூட இல்லை. அதிலிருந்து ஒரு டியூப். டியூப் முனையில் மூக்கை மூடும் மாஸ்க், அதன் முன்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள். தூங்கும்போது தொண்டை அடைத்துக்கொள்ளாதபடி காற்றை அழுத்தி அனுப்பிக்கொண்டே இருக்குமாம்.

மறப்பதற்குள்:
- டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீர் கூடாது.
- ஃபில்டர் அழுக்கானால் மாற்ற.
- பகலில் தூங்கினாலும் மாஸ்க் போட.
- உள்ளே ஒரு கார்டு. எத்தனை நேரம் போட்டார் என்று அதில் பதிவாகும். அதைப் பார்த்துத்தான் டாக்டர், பஸ் ஓட்டலாமா கூடாதா என்று சொல்வார்.

கடைசிதான் எங்கள் வீட்டுப் பிழைப்பு. கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் டிரைவர். ஆரணி - வந்தவாசி - தெள்ளார், தனியார் பஸ். போன மாதம் தெள்ளார் ரோட்டில் பட்டப்பகலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். கண்டக்டர் சலீம் பாய் போட்ட சத்தத்தில் விழித்து பிரேக் அடித்திருக்கிறார். முன் சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி நின்றது. யாருக்கும் அடி இல்லை. வண்டி நிறைய ஸ்கூல் பிள்ளைகள்.



ஓனர் திட்டவில்லை. “ஒடம்ப பாத்துகினு வா பாலு. அப்பறம் வண்டிய எடு” என்றாராம். வேலூர் டாக்டர் ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துப் பார்த்தார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று போகிறது. திரும்பத் திரும்ப. அதனால்தான் பகலில் கண் சொருகுகிறது.

இது எனக்குத் தெரியாத செய்தி இல்லை. அவர் குறட்டை சட்டென்று நிற்கும் இடத்தில் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கிடப்பேன். அடுத்த இழுப்பு வந்த பிறகுதான் எனக்கும் வரும்.

சாயங்காலம் மெஷினுக்குக் குங்குமம் வைத்தார். பஸ்ஸுக்கு வைப்பதுபோல.

ஜூலை 9, புதன்

தூக்கம் இல்லை. சத்தம்.

இரண்டு சத்தம். பெட்டியிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். மாஸ்க்கிலிருந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்று சீறல். ரம்யா ஹாலில் படித்துக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

“யப்பா, ஒன் பஸ்ஸு ஏர் பிரேக்க வூட்டுக்கே இட்டுகினு வந்துட்டியா?”

அவர் மாஸ்க்கோடு சிரித்தார். சிரித்ததில் மாஸ்க் நகர்ந்து இன்னும் சீறியது.

எங்கள் தெருவில் விடிந்தால் விசைத்தறி. எதிர் வீட்டு துரை அண்ணனுக்கு நாலு தறி. அந்தச் சத்தத்தில் தொட்டிலில் தூங்கி வளர்ந்தவள் ரம்யா. நானும் வேலை பார்க்கும் மெடிக்கல் கடையிலிருந்து மதியம் வந்து அந்தச் சத்தத்தில்தான் கண் அசருவேன். அப்படிப்பட்டவளுக்கு இந்தக் காற்று தாங்கவில்லை.

சத்தத்தால் மட்டும் இல்லை. முன்பு குறட்டை இருந்தது. இருந்தால் இருக்கிறார், நின்றால் எழுப்பு. இப்போது அந்தக் காற்றுக்குள் அவர் மூச்சு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. மெஷின் மூச்சு விடுவது கேட்கிறது. அவர் விடுகிறாரா?

எழுந்து எழுந்து அவர் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 11, வெள்ளி

மெடிக்கலில் கூட்டம். காய்ச்சல், இருமல்தான் அதிகம். சரக்கு இறக்க ஆள் வரவில்லை, நானே இறக்கினேன். இடுப்பு வலி.

ஒரு அம்மா பிரிக்காத மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்தார்கள். மாதாமாதம் வருகிறவர்தான். வீட்டுக்காரருக்கு பி.பி. மாத்திரை.

“இத்த எடுத்துக்குங்கம்மா. இனிமே வேணாம்.”

“டாக்டர் மாத்திட்டாரா?”

“இல்லம்மா. ராவுல நல்லாத்தான் படுத்தாரு. காலைல எழுந்துக்கல.”

கூட நின்றவர்கள் “நல்ல சாவு, படுக்கையில கெடக்காம போயிட்டாரு” என்றார்கள். திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்று சொல்ல வேண்டும், ரூல் அதுதான். சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் இவர் நாற்காலியில் தலை தொங்கத் தூக்கம். மாஸ்க் இல்லை. உலுக்கி எழுப்பினேன்.

“இன்னாமே, ஏன் இப்டி பதறுற?”

“பகல்ல தூங்குனாலும் போடணும்னு சொன்னாங்கல்ல?”

“கதவு தெறந்துகீது. தொரை பாத்துட்டு ராக்கெட் வுடப் போறியான்னு கேக்கறான். வெக்கமா கீது.”

நான் கதவைச் சாத்தினேன்.

ஜூலை 13, ஞாயிறு

இன்று முழுக்க மெஷின் வேலை. துரை அண்ணன் வந்து ஒரு யோசனை சொன்னார். “பீரோவுக்குள்ள வெச்சி கதவ சாத்திடு. டியூப் மட்டும் வெளிய வரட்டும். சத்தம் வராது பாரு.” செய்யலாமா என்று கவிதாவுக்குப் போன் போட்டேன்.

“ஐயோ அக்கா, செஞ்சிடாதீங்க. அதுவும் வெளிக்காத்த இழுத்துதானே குடுக்குது. அடச்சி வெச்சா சூடாயிடும்.”

அப்புறம் வீடியோவில் காட்டச் சொன்னாள். மர ஸ்டூல் மேல் வைத்திருந்தோம். அதுதான் அதிர்ந்து முனகலைப் பெரிதாக்குகிறதாம். தரையில் தடித்த டவலை மடித்துப் போட்டு அதன் மேல் வைக்கச் சொன்னாள். பின்பக்கம் காற்று இழுக்கும் இடம் மட்டும் மூடக் கூடாது. வைத்தோம். முனகல் பாதியாகிவிட்டது.

“ஃபில்டர் பாருங்கக்கா.”

உருவினேன். வெள்ளையாக வந்த ஃபில்டர், இப்போது கத்திரிப்பூ நிறம். துரை அண்ணன் தறியில் இந்த வாரம் ஓடுகிற சேலையின் நிறம்! அந்தப் பஞ்சுதான் தெரு தாண்டி வந்து அடைத்திருக்கிறது. கவிதா சிரித்தாள். அடைத்துக்கொண்டால் மோட்டார் திணறும், சத்தம் ஏறும், உங்கள் தெருவுக்கு அடிக்கடி மாற்ற வேண்டும் என்றாள். புது ஃபில்டர் போட்டேன். பெட்டி அடங்கிவிட்டது.

சீறல் மட்டும் நிற்கவில்லை. இவருடைய மீசை காரணம் என்றாள். மாஸ்க் ஓரம் தோலில் ஒட்டவில்லை, மீசை வழியாகக் காற்று ஒழுகுகிறது.

“மீசைய எடுத்துட்டு ஸ்டாண்டுல போய் எப்டிமே நிப்பேன்?”

“உயிர் பெரிசா மீசை பெரிசா?”

எழுந்து போய்விட்டார். நானும் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்.

ஜூலை 14, திங்கள்

ரம்யா யூனிட் டெஸ்ட். கெமிஸ்ட்ரி. வந்ததும் பையை எறிந்தாள்.

“படிச்சது எதுவுமே நெனப்பு வர்ல. ராவெல்லாம் ஸ்ஸ்ஸ்னு காதுலயே கீது. நான் சுமதி வூட்ல போய் படுத்துக்கறேன்.”

ப்ளஸ் டூ. இந்த வருஷம் போய் இப்படி. சுமதி கூடப் படிக்கிறவள்தான், சரி போ என்றேன். இவர் பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும்.

ராத்திரிக்கு ரசம், அப்பளம். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

நம்ப முடியவில்லை. தூங்கினேன்! விடிந்ததே தெரியவில்லை. பால்காரர் மணி அடித்துத்தான் எழுந்தேன்.

சீறல் ரொம்பக் குறைந்திருந்தது. எப்படி என்றேன். மீசையைத் தடவிக் காட்டினார். ஓரமெல்லாம் கத்தரித்து மெலிதாக்கியிருக்கிறார்.

“இப்ப சந்தோஷமா?”

சந்தோஷம். ரொம்ப நாளைக்குப் பிறகு. கேசரி கிளறினேன். ரம்யா, சுமதி வீட்டுக்குப் போகவில்லை, இங்கேயே படுக்கிறேன் என்றாள்.

ஜூலை 16, புதன்

காலையில் தலைவலி என்றார். நெற்றிப் பொட்டு இரண்டும் விண்விண் என்று தெறிக்கிறதாம். மாத்திரை கொடுத்தேன். பத்து மணிக்குச் சரியாகிவிட்டது.

புழுக்கமாக இருக்கும். ஃபேன் சரியாக ஓடுவதில்லை, கன்டென்சர் மாற்ற வேண்டும்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. தெருவே பாயச வாசனை. மறுபடியும் தலைவலி. நேற்றைவிட அதிகம்.

காபி டம்ளரைக் கையில் வாங்கினவர் அப்படியே விட்டுவிட்டார். டம்ளர் உருண்டு போகிறது, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ரம்யாவை “கஸ்தூரி” என்று கூப்பிட்டார். கஸ்தூரி அவர் தங்கச்சி பெயர்.

ஒன்பது மணிக்கு நாற்காலியில் தூக்கம். மெஷின் வருவதற்கு முன்னால்கூட இப்படி இல்லை. ராத்திரி நேரத்தோடு படுத்தார், மாஸ்க்கும் போட்டார். பிறகு ஏன்?

கடையில் வேலை ஓடவில்லை. மூளையில் ஏதாவதா? கட்டி கிட்டியா? பக்கவாதத்துக்கு முன்னால் பேச்சு மாறும் என்பார்கள். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். டாக்டர் ஊரில் இல்லை, சனிக்கிழமை வாங்க என்றார்கள். கவிதா போன் எடுக்கவில்லை.

சாயங்காலம் நன்றாகத்தான் இருந்தார். தாயம் ஆடினார்கள் அப்பாவும் பெண்ணும். நான்தான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், கோணுகிறதா என்று.

ஜூலை 19, சனி

நேற்று எழுத முடியவில்லை. எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் மண்டைக்குள்ளேயே சுற்றும்.

நேற்றுக் காலை பால் வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். வெளிச்சம் வந்துவிட்டது, எதிரில் தறி இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. ரூம் அமைதியாக இருந்தது. நன்றாகத் தூங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. சீறலே இல்லை. கொஞ்சம்கூட இல்லை. பெட்டியில் விளக்கு எரிகிறது, மோட்டார் ஓடுகிறது. காற்று மட்டும் கேட்கவில்லை.

கூப்பிட்டேன். உலுக்கினேன். பனியன் முழுக்க வேர்வை. முகம் கறுத்துச் சிவந்து உப்பியிருந்தது. கண் பாதி திறந்தது. என்னைப் பார்க்கவில்லை. என் வழியாக எதையோ பார்த்தார்.

மாஸ்க்கைப் பிடித்து இழுத்தேன். முன்பக்கம் கட்டை விரலில் ஏதோ பிசுபிசுவென்று மாட்டியது. பேப்பர் பிளாஸ்டர். மாஸ்க்கின் முன்னால் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்குமே, அதன் மேல். இரண்டு மூன்று சுற்று, விரலால் அழுத்தி அழுத்தி ஒட்டியிருந்தது. நான் கடையிலிருந்து வாங்கிவந்து அலமாரியில் வைத்திருந்த பிளாஸ்டர்.

“ரம்யா, தொரை மாமாவ கூப்புடு! ஓடு!”

அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நான் அவர் தலையை மடியில் வைத்து ஜன்னலைத் திறந்து விசிறியால் வீசினேன். பெரிய பெரிய மூச்சாக இழுத்தார். ஒவ்வொன்றுக்கும் இடையில் எனக்கு உயிர் போய் வந்தது. துரை அண்ணன் சட்டைகூடப் போடாமல் வந்தார்.

“பாலு! டேய் பாலு! இங்க பாருடா!”

கொஞ்ச நேரம் கழித்து இவர் வாய் அசைந்தது.

“வண்டி கெளம்பிடுச்சா?”

“இல்லங்க. நிக்குது. நீங்க மூச்ச வுடுங்க.”

ஆட்டோவில் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு. அங்கே இருந்த லேடி டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், மாஸ்க்கையும் வாங்கிப் பார்த்தார். பிளாஸ்டர் இன்னும் அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நாம உள்ள இழுக்கறது நல்ல காத்து. வெளிய வுடறது கெட்ட காத்து. அது போறதுக்குத்தான் இந்த ஓட்டை. அத அடச்சிட்டா வுட்ட காத்தையே திரும்பத் திரும்ப இழுக்கணும். தலைவலி, கொழப்பம், மயக்கம் எல்லாம் அதனாலதான். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா...” முடிக்கவில்லை. முடிக்காததுதான் நேற்றிலிருந்து காதில்.

மத்தியானம் நன்றாகத் தெளிந்துவிட்டார். மூளையில் ஒன்றும் இல்லை, பக்கவாதம் இல்லை. ஒரு நாள் வைத்திருந்து இன்று காலை அனுப்பிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். திங்கட்கிழமை ராத்திரி மீசையைக் கத்தரித்ததும் உண்மை, ஓட்டையில் பாதிக்கு ஒட்டியதும் உண்மை. மறுநாள் கொஞ்சம் கூட. வியாழக்கிழமை முழுசாக.

“டயர்ல காத்து எறங்குனா பஞ்சர் ஒட்ட மாட்டமா? அப்டி நெனச்சிட்டேன். பாப்பாக்கு பரிச்ச. நீயும் ராவெல்லாம் முழிச்சிகினே கெடந்த. என்னால வூட்ல யாருக்குமே தூக்கம் இல்ல.”

“நாங்க தூங்கறதுக்கு நீங்க சாவணுமா?”

பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்த்தார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். ரம்யா அங்கே சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். “ஏர் பிரேக்குன்னு நாந்தாம்மா சொன்னேன்.” அவளை என்ன சொல்லித் தேற்றுவது? நானும்தான் கேசரி கிளறினேன்.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று ராத்திரி மாஸ்க்கைத் தொடமாட்டேன் என்றார். எனக்கும் போடச் சொல்ல வாய் வரவில்லை. போட்டால் அந்த முகம் ஞாபகம் வருகிறது. போடாவிட்டால் மூச்சு நிற்கும். தலையணையை உயர்த்தி ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகில் கை வைத்துக்கொண்டேன். குறட்டை. நிற்கும். தட்டுவேன். மறுபடியும் குறட்டை.

விடிந்ததும் கவிதாவுக்குப் போன். பிளாஸ்டர் விஷயத்தைச் சொன்னேன். லீவு நாள், ஆனாலும் பஸ் ஏறி வந்துவிட்டாள்.

கட்டிலில் உட்கார்ந்து அவருக்கு நேராகவே சொன்னாள். “அண்ணா, இது பஞ்சர் இல்ல. ஒங்க பஸ்ஸுக்கு சைலன்சர் இருக்குதுல்ல, பொகை போற வழி? அத அடச்சா இன்ஜின் நின்னுடும்ல?”

இவர் தலையை ஆட்டினார். “பேஜார் பண்ணிட்டேம்மா.”

“ஓட்ட இருக்கணும். காத்து போகணும். சத்தம் மட்டும் கொறையணும். அதுக்கு வேற வழி கீது.”

வேறு மாஸ்க் கொண்டுவந்திருந்தாள். அதில் நாலைந்து ஓட்டைக்குப் பதிலாக வலைபோல ஊசிமுனைத் துளைகள். காற்று ஒரே இடத்தில் பீய்ச்சி அடிக்காமல் பரவிப் போகிறது, அதனால் சீறாது. அளவும் முன்பு போட்டது பெரிசாம். இது ஒரு சைஸ் சின்னது. டியூப்புக்குத் துணி உறை. கட்டிலில் உரசாமல் இருக்க, தலைக்கு மேலே கொக்கி அடித்து அதில் மாட்டச் சொன்னாள். சுவர் பக்கம் திரும்பிப் படுத்தால் காற்று சுவரில் அடித்து முகத்துக்கே வரும், நடுவில் இடம் விடச் சொன்னாள்.

மீசையை இவரே எடுத்துவிட்டார். யாரும் சொல்லவில்லை. முகம் யாரோபோல இருக்கிறது. ரம்யா சிரிக்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள்.

கவிதா சாப்பிட்டுவிட்டுப் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அக்கா, ஓட்டைய மூடாதீங்கன்னு அன்னிக்கி சொன்னேன். வேகமா சொல்லிட்டேன்னு நெனக்கிறேன்.” கண் கலங்கியிருந்தது. இனி யாருக்குக் கொடுத்தாலும் அவர்கள் வாயாலேயே திருப்பிச் சொல்லவைப்பேன் என்றாள்.

அலமாரியில் இருந்த பிளாஸ்டர் சுருள் எல்லாவற்றையும் கடைக்கு எடுத்துப் போய்விட வேண்டும்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. மாமனாருக்குப் படையல். வாழைக்காய், அகத்திக்கீரை.

புது மாஸ்க்கில் சத்தம் நன்றாகக் குறைந்துவிட்டது. பக்கத்தில் படுத்தால் யாரோ தூரத்தில் பெருமூச்சு விடுவதுபோல. ரம்யா தூங்குகிறாள். இவர் காலையில் தலைவலி இல்லாமல் எழுகிறார், பேப்பர் படிக்கிறார், பகலில் தூங்குவதில்லை. ஃபேனுக்கு அவரே கன்டென்சர் மாற்றினார்.

நான்தான் தூங்குவதில்லை. சத்தம் இருந்தபோது சத்தத்துக்குப் பயம். இப்போது அமைதிக்குப் பயம். அன்றைக்கும் இப்படித்தானே அமைதியாக இருந்தது. எழுந்து போய் மாஸ்க்கைத் தடவித் தடவிப் பார்க்கிறேன், ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று. நேற்று அவர் விழித்துக்கொண்டார்.

“ஒட்டலமே. சத்தியமா. படு.”

ஆகஸ்ட் 6, புதன்

வேலூர். காலையில் முதல் பஸ். வெயில்.

டாக்டர் கார்டைப் போட்டுப் பார்த்தார். எல்லா ராத்திரியும் போட்டிருக்கிறார், ஆஸ்பத்திரி நாளும் மறுநாளும் தவிர. பிளாஸ்டர் விஷயத்தை நான் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் இவரே சொல்லிவிட்டார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“சத்தம் கஷ்டமா இருந்தா எங்ககிட்ட சொல்லணும்ங்க. மாத்தித் தர எத்தனையோ வழி இருக்கு.”

“சரிங்க சார்.”

“இன்னும் ரெண்டு வாரம் பாப்போம். அப்புறம் வண்டி எடுக்கலாம்.”

வெளியே வந்து கரும்பு ஜூஸ் குடித்தோம். அவர் முகத்தில் சிரிப்பு. வண்டி எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிடமாட்டாரா என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். இதை யாரிடமும் சொல்ல முடியாது. இங்கே எழுதலாம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஓனரும் சரி என்றுவிட்டார். திங்கட்கிழமை முதல்.

சலீம் பாய் வீட்டுக்கே வந்தார், சேமியா பாயசத்தோடு. “ஜல்தி வா பாலு. புது டிரைவரு பிரேக் போட்டா நான் கண்ணாடிக்கு வெளிய போயிடுவேன் போலக்கீது.” எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

ஆகஸ்ட் 25, திங்கள்

கடைக்கு லீவு சொன்னேன். காய்ச்சல் என்று.

இவரிடமும் சொல்லவில்லை. ஸ்டாண்டுக்குப் போய் அவர் வண்டியில் ஏறி டிரைவருக்குப் பின் சீட்டுக்கு அடுத்ததில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அங்கிருந்தால் மேலே இருக்கும் கண்ணாடியில் அவர் கண் தெரியும். ஏறி உட்கார்ந்ததும் பார்த்துவிட்டார். சாமி படத்தைத் தொட்டுக் கும்பிட்டு வண்டியை எடுத்தார்.

சலீம் பாய் வந்தார். “எங்கம்மா?”

“தெள்ளாரு.”

“தெள்ளார்ல யாரு கீறாங்க?”

“யாரும் இல்ல பாய்.”

பாய் மேலே கண்ணாடியை ஒரு தரம் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

சேலைப் பெட்டியோடு ஒரு வியாபாரி, ஸ்கூல் பிள்ளைகள், கைக்குழந்தையோடு ஒரு பெண். ஊர் தாண்டியதும் காற்று. ஒவ்வொருத்தராகத் தலை சாய்ந்தார்கள். குழந்தை தூங்கியது, அம்மா தூங்கினாள், வியாபாரி வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். எல்லோரும் இவரை நம்பித் தூங்குகிறார்கள். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது, தூங்காதீர்கள், யாராவது ஒருவராவது விழித்திருங்கள் என்று. முன் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் கண்ணையே பார்த்தேன். இமைக்கிறாரா, அதிக நேரம் மூடுகிறாரா. வளைவில் ஹாரன். எதிரில் லாரி. அவர் கை சரியாகத்தான் திருப்புகிறது. வந்தவாசியில் பாதிப் பேர் இறங்கி வேறு ஆட்கள் ஏறினார்கள். ரோட்டோரம் வரிசையாகப் புளிய மரம்.

பிறகு தோளில் யாரோ தட்டினார்கள். வண்டி நின்றிருந்தது. உள்ளே ஆளே இல்லை. கம்பியைப் பிடித்த கை எப்போது விட்டதோ, மடியில் கிடந்தது. சலீம் பாய் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெள்ளாரு வந்து எவ்ளோ நேரம் ஆவுது. எழுப்பாத, தூங்கட்டும்னுட்டான் பாலு.”

கீழே அவர் டீ குடித்துக்கொண்டு நின்றார். கையில் எனக்கும் ஒரு டம்ளர்.